தேயிலைப் பச்சை டியூப்பில் வராது
(வாசகர் கேள்வி – பதில்)

எண்ணெய் வண்ணத்தில் மலையையும் மாட்டையும் வரைவது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு மூலையில் போட்டிருந்தோம். இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் இருப்பது ஒரே கேள்விதான், கையெழுத்துதான் வேறு வேறு. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் கோத்தகிரிக்காரன், அதனால் பதிலில் நீலகிரி வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கொடைக்கானல்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டு வாசலில் நின்றாலே தேயிலைத் தோட்டம்தான் சார். ஆனால் நான் வரைந்தால் பிளாஸ்டிக் புல் விரித்த மாதிரி இருக்கிறது. சேப் கிரீன், விரிடியன் இரண்டும் நல்ல கம்பெனிதான் வாங்கினேன். தப்பு எங்கே? – கூடலூர்

கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சையை டியூப்பிலிருந்து பிதுக்கி அப்படியே பூசுகிறீர்கள், அதுதான் தப்பு. ஒரு செடிக்குப் பக்கத்தில் போய்க் குந்திப் பாருங்கள். மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிற்கும் கொழுந்து கிட்டத்தட்ட மஞ்சள். ஒரு சாண் கீழே இருக்கும் முற்றிய இலை கிட்டத்தட்டக் கருப்பு. அந்த முற்றிய இலைக்கு ஒரு பளபளப்பு உண்டு, உச்சி வெயிலில் அது தன் நிறத்தைக் காட்டாது, வானத்தைத்தான் காட்டும். பகல் பன்னிரண்டு மணிக்குத் தோட்டம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெளிறித் தெரிவது அதனால்தான். அதே தோட்டத்தை மாலை நாலரைக்குச் சூரியனைப் பார்த்தபடி நின்று பாருங்கள், கொழுந்துக்குள் புகுந்து வெளிச்சம் இந்தப் பக்கம் வரும். நீங்கள் மனதில் வைத்திருக்கிற அந்தப் பச்சை அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது.

விரிடியனை ஒரு மாதம் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுங்கள். அல்ட்ராமரைனும் யெல்லோ ஓக்கரும் கலந்தால் அடங்கிய ஒரு பச்சை வரும், தோட்டத்தின் பெரும்பகுதி அதுதான். ஐவரி பிளாக்கில் லெமன் யெல்லோ சேர்த்தால் கருப்பும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாவதைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள், அது வரிசைகளுக்கு நடுவே விழும் நிழலுக்கு. எந்தப் பச்சை கத்தினாலும் துளி பர்ன்ட் சியன்னா போட்டால் வாயை மூடிக்கொள்ளும். கொழுந்துக்கு மட்டும், கடைசியில், சுத்தமான மஞ்சள். அதுவும் படத்தில் பத்து இடத்துக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், தோட்டம் என்றால் பச்சை என்று யார் சொன்னது? கவ்வாத்து வெட்டிய தோட்டத்தை வரைந்து பாருங்கள். குச்சி குச்சியாக, ஊதா கலந்த பழுப்பில், நடுவே சில்வர் ஓக் மரங்கள் மட்டும் நெட்டையாக நிற்க. அதை யாரும் வரைவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

ஐப்பசியில் ஆரம்பித்த படம். பொங்கல் தாண்டியும் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தூசி படக்கூடாது என்று பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஹேர் டிரையர் போடச் சொல்கிறார், போடலாமா? – குன்னூர்

வேண்டாம் அம்மா, அதைத் தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணம் காய்வதும் கொடியில் துணி காய்வதும் ஒன்றல்ல. டர்பன்டைன் மட்டும்தான் ஆவியாகிப் போகிறது. ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், எங்கும் போவதில்லை. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு இறுகித் தோலாக மாறுகிறது. அதற்குக் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், கொஞ்சம் கதகதப்பும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் குன்னூரில் இந்த மூன்றும் கிடைக்காது, பீரோவுக்குப் பின்னால் சுத்தமாகவே கிடைக்காது. போதாததற்கு, இருட்டில் வைத்த ஆளி எண்ணெய் மஞ்சளிக்கும். உங்கள் மேகங்கள் பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜன்னல் இருக்கும் அறையில், சுவரோடு ஒட்டாமல், பின்னால் இரண்டு கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

எல்லா நிறமும் ஒரே நாளில் காயாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அம்பர் வகையில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக்கும் அலிசரின் கிரிம்சனும் சோம்பேறிகள். ஆகவே மலையில் அடிப்பூச்சுக்கு டர்பன்டைன் கலந்த மெல்லிய பர்ன்ட் அம்பர்தான் நல்லது, அடியில் ஐவரி பிளாக்கைத் தடிமனாகப் பூசிவிட்டு மேலே வேலை செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். இதை மாற்றிச் செய்தால் மேலே பாலாடை மாதிரி தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்று, அந்த ஈரம் பிற்பாடு இறுகி இழுக்கும்போது மேல்தோல் வெடிக்கும்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், தடிமனான படம் என்றால் ஒரு வருடம். எப்போது அடித்தாலும் மாசி பங்குனியில் அடியுங்கள். ஈரக்காற்றில் அடித்த வார்னிஷ் மேல் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி வரும், பார்க்கச் சகிக்காது. கேன்வாஸ் மழையில் தொளதொளவென்று ஆவதும் இங்கே எல்லோருக்கும் நடக்கிறதுதான். பின்னால் மூலைகளில் இருக்கும் ஆப்பைத் தட்டி இறுக்கலாம், அல்லது என்னைப் போலச் சின்னப் படங்களைப் பலகையிலேயே வரைந்துவிடலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆண் வரையாடு வரைந்து, நன்றாகக் காய்வதற்குள் அவசரப்பட்டுச் சட்டம் போடக் கொடுத்தேன். கடையில் முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை என்று காற்றுப் புகாமல் மூடிக் கொடுத்தார்கள், நானும் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்து ஈரச் சுவரில் மாட்டினேன். ஆடி மாதம் ஆட்டின் முதுகில் பூஞ்சை பிடித்துவிட்டது. வயதான ஆண் வரையாட்டுக்கு முதுகில் சேணம் போட்ட மாதிரி வெள்ளி நிறம் உண்டு அல்லவா, வீட்டுக்கு வந்த இரண்டு பேர் அந்த வெள்ளி ரொம்பத் தத்ரூபமாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உறைபனியை வரைய வெள்ளை பூசினால் சுண்ணாம்பு கொட்டின மாதிரி ஆகிறது. என்ன செய்வது? – தலைக்குந்தா

உங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மார்கழி, தையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் புல்வெளிக்குப் போய் ஒரு தனி மரத்தின் நிழலை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வெயில் பட்ட இடத்தில் உறைபனி உருகிவிடும், அங்கே ஈரமான புல் பழுப்பும் ஆலிவுமாகக் கருத்துத் தெரியும். நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பனி அப்படியே நிற்கும், மரத்தின் உருவத்திலேயே வெட்டி வைத்த மாதிரி. கிளை கிளையாகக்கூடத் தெரியும். சூரியன் ஏற ஏற நிழல் நகரும், பனியின் ஓரம் அதன் பின்னால் உருகிக்கொண்டே வரும். ஆக, சில இடங்களில் நிழல்தான் வெளுப்பு, வெயில்தான் கருப்பு. நாம் பழகிய கை வழக்கம்போல நிழலைக் கருப்பாக்கப் பார்க்கும், அங்கேதான் படம் கெட்டுப் போகிறது.

நிழலுக்குள் இருக்கும் பனிக்கு டைட்டானியம் ஒயிட்டோடு கோபால்ட் புளூ, துளி அலிசரின். சுத்தமான வெள்ளை எங்கே வேண்டுமென்றால் வெயிலும் பனியும் தொடும் அந்த ஓரத்தில், ஒரு நூல் அளவு. ஜிங்க் ஒயிட் மென்மையாக இருக்கிறதே என்று அதைத் தடிமனாகப் பூசாதீர்கள், எண்ணெயில் அது நாளாக நாளாக உடையும் தன்மைக்கு வந்துவிடும். இன்னொன்று, அந்தக் குளிரில் பெயிண்ட் ஃபிரிட்ஜில் வைத்த வெண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். டியூப்பை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போங்கள். எண்ணெயை ஊற்றி இளக்காதீர்கள், மேலே சொன்ன அம்மா கதையாகிவிடும்.

மூடுபனிக்கு வெள்ளையா, சாம்பலா? – கொடைக்கானல்

இரண்டும் இல்லை, முதலில் பின்னால் இருப்பதைக் குறையுங்கள். நாலு மலைமடிப்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் முந்தினதைவிட வெளுப்பு, முந்தினதைவிட நீலம், ஓரங்களும் முந்தினதைவிட மழுங்கல். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் வெள்ளையில் கலந்தால் வரும் சாம்பலை நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ தள்ளிக்கொள்ளலாம், கடையில் விற்கும் சாம்பல் எதுவும் இதற்கு ஈடாகாது. வரைந்த மலை மேல் கடைசியில் வெள்ளையைத் தேய்த்துப் பனி வரவழைப்பது தெர்மக்கோல் வேலை.

காட்டெருமை வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் எருமை நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மனசே விட்டுப்போச்சு. – கொடைக்கானல், கல்லூரி மாணவி

பெயர்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. அது எருமை இனமே கிடையாது, மாட்டினம். காட்டுமாடு என்று மனதில் நினைத்துக்கொண்டு வரையுங்கள், பாதி சரியாகிவிடும். முதுகைக் கவனியுங்கள். தோளிலிருந்து முதுகின் நடு வரை ஒரு திண்டு எழும்பி நிற்கும், அப்புறம் சட்டென்று இறங்கும். எருமைக்கு அது இல்லை. இரண்டு கொம்புக்கும் நடுவே நெற்றி மேடாகப் புடைத்து வெளிறி இருக்கும். கொம்பு அடியில் மஞ்சள் படிந்து, நுனியில் கருப்பு. முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும், ஆனால் அது பள்ளிக்கூடத்துக் காலுறையின் வெள்ளை இல்லை, அழுக்கும் மஞ்சளும் கலந்த வெள்ளை. பெரிய ஆணின் தோள் ஆறடி வரை வரும், உங்கள் படத்தில் பக்கத்தில் நிற்கிற வேலி அதன் காதளவு இருக்கிறது, அதையும் மாற்றுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கருப்பு டியூப்பைத் தொடாமல் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்துகொள்ளுங்கள். குட்டை ரோமம் பளபளக்கும், முதுகின் மேல்பக்கம் வானத்தை வாங்கிக்கொண்டு நீலமடிக்கும், வயிற்றின் கீழ்ப்பக்கம் புல்லின் வெளிச்சத்தில் பழுப்பாகும். பசுவும் கன்றும் ஆணைவிடப் பழுப்பு. உங்கள் ஊர் மூடுபனியில் அது நிற்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும்: வெளிறின கால்கள் பனியோடு பனியாகக் கரைந்துபோய், கருத்த உடம்பு மட்டும் தரைக்கு ஓரடி மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். முடிந்தால் அதை வரையுங்கள்.

உள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேல்தோலை மட்டும் வரைந்தால் எந்த மிருகமும் மூட்டை மாதிரிதான் வரும். 18-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் இதற்காக மாதக்கணக்கில் குதிரைகளை அறுத்துப் பார்த்து வரைந்து பழகினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பழக்கமான வீட்டு மாடு ஒன்றின் தோள்பட்டையில் கை வைத்து, அது நடக்கும்போது உள்ளே பலகை மாதிரி எலும்பு முன்னும் பின்னும் நகர்வதை உணர்ந்து பாருங்கள், ஒரே நாளில் உங்கள் படம் மாறும். தோடர் எருமை மேய்கிற பக்கம் போனால் அதையும் வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள், பிறை மாதிரி அகலமாக விரிந்த கொம்பு, மான் நிறமோ சாம்பலோ கலந்த அடர்ந்த ரோமம். எருமை என்றால் கரி என்கிற நினைப்பும் போய்விடும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். ஊருக்குள் சர்வசாதாரணமாக வந்து நிற்கிறதே என்று காட்டுமாட்டின் அருகே போனுடன் போகாதீர்கள். மாடி ஜன்னலிலிருந்து பென்சில் குறிப்பு போதும்.

தமிழில் பருவம் ஆறு. ஆறு படம் கொண்ட ஒரு வரிசை வரைய ஆசை. எந்தப் பருவத்துக்கு எந்த இடம்? – பழனி, தமிழாசிரியர்

ஐயா, உங்களுக்குத் தெரியாததா. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்துவிட்டு, சிறுபொழுதாக யாமத்தைக் கொடுத்திருக்கிறது. காதலர்களுக்குச் சரி, நள்ளிரவில் நான் படம் நிறுத்தும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

விளையாட்டு இருக்கட்டும். அந்த ஆறும் சமவெளிக்குப் பொருந்துகிற அளவு மலைக்குப் பொருந்தாது. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று கூடலூரில், பந்தலூரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், குடைக்குள்ளிருந்து சிரிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும் நேரம் அது. அதே ஜூலையில் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே எங்கள் கோத்தகிரியில் காற்றும் மேகமும்தான் அதிகம், எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். உங்கள் பக்கத்துக் கொடைக்கானலுக்கும் அப்படித்தான். ஆக ஒரே மாவட்டத்தில் ஒரே நாளில் இரண்டு பருவம். வரைகிறவனுக்கு இது வரம், ஆடியில் மேற்கே நனையாமல் கிழக்கே வந்து உட்காரலாம்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் இலையுதிர்காலம் என்று மரத்தைச் சிவப்பாக்குவதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் நவம்பரில் சோலையைச் சிவப்பாக்குகிறார்கள். நம் சோலை சிவப்பது மாசி பங்குனியில், அதுவும் உதிர்கிற இலையால் இல்லை, துளிர்க்கிற இலையால். காட்டு இலவங்கமும் நாவல் இனங்களும் செம்பு நிறத்தில் தளிர் விடும்போது தூரத்திலிருந்து பார்த்தால் மரமே பூத்த மாதிரி இருக்கும். சுற்றிலும் புல் காய்ந்து வைக்கோல் நிறம், நடுவே இந்தச் செம்பு, அங்கங்கே காட்டுப் பூவரசின் சிவப்பு. இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அதே மாதங்களில் கீழே முதுமலைக்கு இறங்கினால் மரங்கள் மொட்டை, மூங்கில் வெளிறி, நடுவே புரசு மட்டும் நெருப்பாக நிற்கும். யானைகூட அந்த மண்ணின் நிறத்தில்தான் இருக்கும், புழுதியைத் தானே அள்ளிப் பூசிக்கொள்வதால் சாம்பலில் செம்மண் கலக்காமல் யானை வராது.

என் யோசனை, ஆறு இடம் தேடி அலைய வேண்டாம். ஒரே இடம். உங்களுக்கு மலையின் பழனிப் பக்கச் சரிவு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். ஒரு வருடம், மாதம் ஒரு சின்னப் பலகை, ஒரே நேரம், பன்னிரண்டு படம். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதுங்கள். ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டன் பக்கத்தில் ஹாம்ஸ்டெட் குன்றில் மேகங்களை எண்ணெயில் வரைந்தபோது இப்படித்தான் பின்னால் குறித்து வைத்தார். வருட முடிவில் பன்னிரண்டையும் தரையில் பரப்பிப் பருவம் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எனக்கு ஐந்து வந்தது.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் ஓவியருக்கு நல்லது, வெயில் நேரடியாக வராது என்று படித்து, வடக்கே பெரிய ஜன்னல் வைத்தேன். மே மாதம் வெயில் உள்ளே வருகிறதே? – ஊட்டி

படித்தது ஐரோப்பியப் புத்தகமாக இருக்கும். அவர்கள் ஊரில் மதியச் சூரியன் எப்போதும் தெற்கேதான். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி சொச்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், காலை மாலை வெயிலும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே வரும். அந்த நாலு மாதம் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். ஆடியில் மேகமே அந்த வேலையைச் செய்துவிடும்.

குறிஞ்சியை வரைய வேண்டும், போட்டோ பார்த்து வரையலாமா? – திண்டுக்கல்

கூட்டமாகப் பூத்தது 2018-இல். பன்னிரண்டு வருடக் கணக்கில் அடுத்தது 2030. அதுவரை போட்டோதான் கதி. ஆனால் போனில் எடுத்த படம் நீலத்தை அளவுக்கு மீறிக் காட்டும், பாதி குறைத்து, கொஞ்சம் ஊதா சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வருடம் குறிஞ்சி பூத்தது என்று செய்தி வந்தால் ஓடிவிடாதீர்கள், அந்தக் குடும்பத்தில் வேறு வேறு கணக்கில் பூக்கும் செடிகள் நிறைய உண்டு.

துடைத்த துணிகளை என்ன செய்வது? டர்பன்டைன் நாற்றத்துக்கு வீட்டில் சண்டை. – குன்னூர்

நாற்றத்தைவிடத் துணி ஆபத்து. ஆளி எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு வரும். துணியைப் பந்தாகச் சுருட்டிப் போட்டால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். ஒரு தடவை கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய வாளியில் போட்டு வைத்துவிட்டு, ராத்திரி கருகல் வாடை வந்து எழுந்துபோய்த் தொட்டால், உள்ளே இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. அன்றிலிருந்து வெளியே வேலியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறேன், அல்லது தண்ணீரில் ஊறவைக்கிறேன். பிரஷை முதலில் சமையல் எண்ணெயில் கழுவி அப்புறம் சோப்புப் போட்டால் டர்பன்டைன் செலவும் பாதியாகும், சண்டையும் பாதியாகும்.

படம் விற்குமா? – குன்னூர்

சீசனில் ஏரியும் படகும் வரைந்தால் விற்கும். கவ்வாத்துத் தோட்டம் விற்காது. என்னிடம் பதினேழு இருக்கிறது.

எங்கள் நாயை வரைய ஆசை. அது ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. – கோத்தகிரி

நம்ம ஊரா! சரி, கேள். பனிக்காலத்தில் காலை பத்து மணிக்கு அது எங்கே போய்ப் படுக்கிறது என்று பார், வெயில் விழும் சிமென்ட் திண்ணையாகத்தான் இருக்கும். தூங்கும்போது வரை. முழு நாயையும் ஒரே நாளில் வரையாதே. ஒரு நாள் காது மட்டும், ஒரு நாள் மூக்கும் வாயும், ஒரு நாள் மடங்கிய முன்கால். பென்சிலில் ஒரு நோட்டு நிரம்பின பிறகு பெயிண்டைத் திற. ரோமத்தை முடி முடியாக இழுக்காமல் பெரிய பிரஷால் வெளிச்சம் ஒரு நிறம், நிழல் ஒரு நிறம் என்று பூசிவிட்டு, இரண்டும் சேரும் ஓரத்தில் மட்டும் நாலைந்து முடி காட்டு, போதும். படம் காய்கிற வரை நாய் அதில் உரசாமல் பார்த்துக்கொள். உரசிவிட்டால் டர்பன்டைன் தொட்டுத் துடைக்காதே, நாய்க்கு அது விஷம். நக்க விடாமல் பிடித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் வழித்துவிட்டு, சோப்புப் போட்டு வெந்நீரில் குளிப்பாட்டு.